வாசலில் கட்டிய சரிவு

எண்பதுகளின் தொடக்கத்தில், காரைக்காலில் அரசு வாடகை வீடுகளைப் பராமரிக்கும் ஓவர்சீயராக இருந்தேன். தலத்தெருவில் ஒரு வீட்டில் கோவிந்தசாமி இருந்தார். லாரியிலிருந்து மூட்டை சரிந்து மேலே விழுந்ததில் அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சக்கர நாற்காலிக்குப் படி தடுக்கிறது என்று அவர் மனைவி மனு கொடுத்திருந்தார்.

தெருவில் நின்றே வாசலை அளந்தேன். குடும்பம் புழங்கும் இடத்துக்குள் நுழைவதில்லை என்பது என் வழக்கம். அதை மரியாதை என்று நினைத்திருந்தேன். பத்தே நாளில் வாசற்படியை மூடி சிமெண்ட் சரிவு எழும்பியது.

பெருமையோடு பார்க்கப் போனேன். நல்ல வெயில். மனைவி பள்ளிக்கூடத்துக்குச் சமையல் வேலைக்குப் போயிருந்தார்.

"பானையில தண்ணி இருக்கு, எடுத்துக் குடிங்க சார்" என்றார் கோவிந்தசாமி.

"உங்களுக்கும் தரட்டுமா?"

"வேண்டாம் சார். நான் சாயந்தரம்தான் குடிப்பேன். அவ வந்துதான் கொல்லைக்குத் தூக்கிட்டுப் போவணும்."

அப்போதுதான் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். உயரமான மூன்று படிகள். அதற்கப்பால் குறுகலான கதவுடன் கக்கூஸ்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க உள்ளயே வரலையே சார்."

மறுமாதம் கொல்லையிலும் சரிவு கட்டி, கக்கூஸ் கதவை அகலமாக்கினோம். வேலை முடிந்த அன்று, நடுப்பகலில், கோவிந்தசாமி ஒரு சொம்புத் தண்ணீரை என் எதிரிலேயே நிறுத்தாமல் குடித்தார்.

நான் ஓய்வுபெற்ற நாளில், கட்டிய கட்டடங்களைச் சொல்லிப் பாராட்டினார்கள். எனக்கு அந்தச் சொம்புதான் ஞாபகத்துக்கு வந்தது.