இடது கையில் நழுவிய பந்து

எங்கள் கல்லூரிக் கூடைப்பந்துக் குழுவில் ஒரு தண்டனை இருந்தது. ஆட்டத்தில் அதிகமாகப் பந்தைத் தொலைத்தவள் மறுநாள் முழுக்க அந்தப் பந்தைச் சுமந்துகொண்டே திரிய வேண்டும். வகுப்புக்கு, நூலகத்துக்கு, சாப்பாட்டுக் கூடத்துக்கு, எங்கே போனாலும் கக்கத்தில் பந்து. தரையில் வைக்கக் கூடாது. எழுபதுகளின் கடைசியில் மலேசியாவின் கெடாவில் ஆசிரியர் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்த பெண்கள் நாங்கள். நாளைக்குப் பிள்ளைகளை மிரட்டப் போகிறவர்கள், ஒரு கையில் பந்தை அணைத்துக்கொண்டு மறு கையால் மீ கோரேங் நூடுல்ஸ் தின்பதைப் பார்த்துக் கல்லூரியே சிரிக்கும்.

தண்டனையைக் கண்டுபிடித்தவர் எங்கள் பயிற்சியாளர். கணக்குப் பாடம் எடுக்கும் சீனர். எறிந்த பந்து கூடையில் விழாவிட்டால் அவர் கோபப்படமாட்டார். பலகைக்குக் கீழே நின்று மறுபடி பிடித்துக்கொள்ளலாம் என்பார். எறியாமலே பந்தைக் கொடுத்துவிட்டால்தான் முகம் சிவக்கும். நமக்கு ஒரு வாய்ப்புப் போனது, அவர்களுக்கு ஒன்று வந்தது, ஆக இரண்டு நட்டம். "போலா ஜாங்ஙான் பாகி ஓராங்" என்று மலாயில் கத்துவார். பந்தை அடுத்தவருக்குக் கொடுக்காதே. அவருக்குத் தெரிந்த விளையாட்டுத் தத்துவம் அவ்வளவுதான், அதற்கு மேல் தேவையும் இல்லை.

நான் குழுத் தலைவி. ஓட்டம் சுமார், உயரம் அதைவிடச் சுமார், வாய் மட்டும் நீளம். என்னிடம் ஒரு பள்ளிக்கூட நோட்டு கொடுக்கப்பட்டிருந்தது. யார் பந்தைத் தொலைத்தது, எப்படித் தொலைத்தது, மைதானத்தில் எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் நான் எழுத வேண்டும். தவறாகக் கைமாற்றியதா, பந்தோடு நடந்துவிட்டதா, பறிகொடுத்ததா. மற்றவர்களின் குற்றங்களை எழுதுவது எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைப்பானேன்.

அந்த நோட்டில் ஒரு வருடமாக இடம்பெறாத ஒருத்தி என் அறைத் தோழி. செர்டாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்தவள். குழுவில் தமிழ்ப் பெண்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் பட்டணத்தில், பாக்கார் ஆராங்கில், வீட்டு வாசலில் கார் நிற்கும் குடும்பத்துப் பெண், ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவள். அவள் விடியுமுன் அம்மாவோடு பால்மரம் சீவிவிட்டுப் பள்ளிக்கு ஓடியவள். பந்தைத் தட்டிக்கொண்டு வரும்போது அவள் பந்தைப் பார்ப்பதே இல்லை. வலது கையிலிருந்து இடது கைக்கு, இடதிலிருந்து வலதுக்கு. மூன்று பேர் சூழ்ந்தாலும் ஏதோ ஒரு கை வழியாக வெளியே வந்துவிடுவாள். எனக்கு அவள்மேல் கொஞ்சம் பொறாமை, நிறையப் பிரியம்.

அவள் முதன்முதலாகப் பந்தைத் தொலைத்த ஆட்டம் நன்றாக நினைவிருக்கிறது. பட்டர்வொர்த்திலிருந்து வந்த குழு. மழை வரப்போகும் சாயங்காலம், வானம் முழுக்கக் கறுத்திருந்தது. அவள் நடுக்கோட்டைத் தாண்டி வருகிறாள். பக்கத்தில் ஒருவரும் இல்லை. இடது கைக்குப் பந்து மாறியது, அங்கே நிற்காமல் அப்படியே உருண்டு வெளியே போய்விட்டது. அவள் பந்தைத் துரத்தவில்லை. நின்று தன் கையைப் பார்த்தாள்.

மறுநாள் அவள் பந்தைச் சுமந்தாள். எல்லாரும் கேலி செய்தோம், அவளும் சிரித்தாள். நான்தான் அதிகம் சிரித்தேன்.

அடுத்த ஆட்டத்தில் இரண்டு. அதற்கடுத்ததில் மூன்று. நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது எனக்கு ஒன்று தெரிந்தது. ஆறில் ஆறும் இடது கை. பறிகொடுத்தது ஒன்றுகூட இல்லை, எல்லாம் நழுவியது. அன்று மத்தியானம் அவளிடம் காட்டினேன்.

"ஒன்னும் இல்லலா," என்றாள். "பால்வாளி தூக்குன கை. மரத்துக் கெடக்கு."

"எப்பவுமேவா?"

"சுண்டு விரலும் அதுக்குப் பக்கத்து விரலும்தான். லீவுல வீட்டுக்குப் போனப்ப கூட ரெண்டு வாளி சேத்துத் தூக்கினேன். சரியாயிடும்."

முழங்கைக்குக் கீழே வெளுத்த திட்டு ஒன்றும் அவளுக்கு இருந்தது, ஐம்பது காசு நாணயத்தைவிடப் பெரியது. தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கொடுக்கும் டிரசரிடம் காட்டியிருக்கிறாள். தேமல் என்று சொல்லி வெள்ளைக் களிம்பு கொடுத்திருக்கிறார். தோட்டத்தில் பாதிப் பேருக்குத் தேமல் உண்டு. அவளும் தினமும் குளித்துவிட்டுப் பக்தியாகத் தடவிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் விடுதியில் துணி தேய்க்கும் அறைக்குப் போனேன். குழுச் சட்டைகளை அவள் தேய்த்துக்கொண்டிருந்தாள். இடது கையால் துணியை இழுத்துப் பிடித்து, வலது கையால் இஸ்திரிப் பெட்டியை நகர்த்தியபடி என்னைப் பார்த்து ஏதோ பேசினாள். எனக்குத் தீய்ந்த வாடை அடித்தது.

"சட்டை கருகுது பாருடி," என்றேன்.

அவள் பெட்டியைத் தூக்கிச் சட்டையைப் பார்த்தாள். சட்டை வெள்ளையாக, நன்றாக இருந்தது. திருப்பிப் பார்த்தாள், மறுபக்கமும் நன்றாகவே இருந்தது. பிறகுதான் இரண்டு பேரும் அவள் கையைப் பார்த்தோம். சுண்டு விரலின் ஓரம் முழுக்கத் தோல் வெந்து சுருண்டிருந்தது.

"சுடலையா?"

"இல்லடி. எனக்குச் சுடவே இல்லலா."

பயந்தேன், உண்மையாகவே பயந்தேன். என்னைவிட அவள் பயந்தாள். விடுதிக் கண்காணிப்பாளரிடம் சொல்லலாம் என்று நான் கிளம்பியபோது என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்டி. அவங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. ஒடம்பு சரியில்லாதவ டீச்சராக முடியாதுன்னு வீட்டுக்கு அனுப்பிட்டா? எங்க தோட்டத்து லயத்துலேருந்து மொதல்ல வெளிய வந்தவ நான். அம்மா செத்தே போயிடும்."

"சரி. பைனல் முடியட்டும். அப்புறம் நானே கூட்டிட்டுப் போறேன்," என்றேன்.

அந்த வருடக் கோப்பைப் போட்டியின் இறுதியாட்டத்துக்கு இன்னும் ஒன்பது வாரம் இருந்தது. அவள் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நடுவில் கொண்டுவந்து போட்டது நான். அவளைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு கோப்பையைக் காப்பாற்றினேன்.

அந்த வாரக் கடைசியில் அவள் வீட்டுக்குப் போனோம். பேருந்தில் செர்டாங், அங்கிருந்து தோட்டத்து லாரி. அவளுடைய அம்மா புண்ணைப் பார்த்தார், மஞ்சள் வைத்துக் கட்டினார். பிறகு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சட்டியைத் துணியில்லாமல் வெறுங்கையால் இறக்கி வைத்துவிட்டு, தன் உள்ளங்கையை எனக்குக் காட்டினார். காய்த்துப் போன கை.

"எங்க எல்லாருக்கும் இப்படித்தான் புள்ள. சூடு தெரிஞ்சா தோட்டத்துல பொழைக்க முடியுமா?"

பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து ஆளுக்கொரு கையை நீட்டிக் காட்டிவிட்டுப் போனார்கள். யாருக்கும் சந்தேகமே வரவில்லை. உழைத்த கைக்கு உணர்ச்சி குறையும் என்பது அந்த லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது. திரும்பி வரும் வழியில் மனம் லேசாகிவிட்டது. ஆனால் அந்த அம்மாவின் கையில் சூடு மெதுவாகத்தான் தெரியும், என் தோழியின் கையில் தெரிவதே இல்லை. இந்த வித்தியாசம் அன்றைக்கே எனக்கு உறுத்தியது. உறுத்தியதை ஓரமாக வைத்துவிட்டேன்.

அதன் பிறகு நான் செய்த வேலைதான் என் கெட்டிக்காரத்தனம். எங்கள் ஆட்டத்தையே மாற்றினேன். அவள் மைதானத்தின் வலது ஓரத்தை விட்டு வரக் கூடாது. பந்தை வலது கையால் மட்டும் தட்ட வேண்டும். எதிராளி அவளை இடது பக்கம் திருப்பினால் அங்கே நான் நிற்பேன், பந்து என்னிடம் வந்துவிட வேண்டும். அவளுக்கு யார் பந்து போட்டாலும் தரையில் ஒரு தட்டுத் தட்டி, வலது மார்புக்கு வருகிற மாதிரி போட வேண்டும். மற்ற மூன்று பேருக்கும் காரணம் சொல்லவில்லை, உத்தி என்றேன். கணக்கு வாத்தியாரிடமும் அதையே சொன்னேன். அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். பிறகு அடுத்த ஆட்டத்தின் நோட்டைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றிலிருந்து ஒன்றாயிற்று. ஒன்றிலிருந்து ஒன்றுமில்லாமல் ஆயிற்று. தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் அவள் பெயருக்கு நேரே நான் எதுவும் எழுதவில்லை. பார்ப்பவர்களுக்கு அவள் குணமாகிவிட்டாள். சில நேரம் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கையில் நடந்துகொண்டிருந்ததைக் காட்டிக்கொடுத்தது அந்தத் தொலைந்த பந்துகள்தான். நான் பாடுபட்டு அவற்றின் வாயை அடைத்துவிட்டேன்.

ஆனால் நோட்டுக்கு வெளியே வேறு காரியங்கள் நடந்தன. காலையில் அவள் சட்டையின் வலது கைப் பொத்தான் போடாமலே கிடந்தது, நான் போட்டுவிட்டேன். பின்னல் தளர்ந்து வந்தது, அதையும் நான் பின்னிவிட்டேன். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இடது கையின் சதை வற்றிப் பள்ளமாகிக்கொண்டு வந்தது. ஒருநாள் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்க முடியாமல் பல்லால் கடித்துப் பிரித்தாள். நான் பார்த்ததை அவள் பார்த்தாள். நான் தலையைக் குனிந்து என் பொட்டலத்தைப் பிரித்தேன். பூசையில் நான் வேண்டிக்கொண்டது அவள் கைக்காக இல்லை. எங்கள் மைதானம் திறந்த சிமெந்துத் தளம், இறுதியாட்டம் நடக்கும் அலோர் ஸ்டாரிலும் அப்படித்தான். அன்றைக்கு மழை வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

மழை வரவில்லை. நாங்கள் ஜெயித்தோம். அவள் ஒரு பந்தைக்கூடத் தொலைக்கவில்லை. கடைசி இரண்டு நிமிடம் முன்னணியைக் காப்பாற்ற வேண்டியிருந்தபோது, பந்தை வலது கையிலேயே வைத்துக்கொண்டு வலது ஓரத்தில் அவள் சுற்றிச் சுற்றி வந்ததை, எதிரணிப் பயிற்சியாளரே கைதட்டிப் பாராட்டினார். கோப்பையோடு படம் எடுத்தார்கள். எல்லாரும் கையை உயர்த்துங்கள் என்றார் படம் பிடித்தவர். எல்லாரும் விரித்த கையை உயர்த்தினோம். அவளுடைய இடது கையில் மூன்று விரல்தான் விரிந்தது. சுண்டு விரலும் அதன் பக்கத்து விரலும் உள்ளே மடங்கியே இருந்தன. வலது கையால் அவற்றைப் பிரித்து நிமிர்த்தினாள். விட்டதும் திரும்ப மடங்கிக்கொண்டன.

வாக்குக் கொடுத்தபடி திங்கட்கிழமை நானே அவளை அரசாங்க மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். தொழுநோய் என்றார்கள். எங்கள் ஊரில் அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மாத்திரையில் குணமாகும் என்றார்கள், குணமும் ஆயிற்று. கல்லூரி அவளை வெளியே அனுப்பவில்லை. ஒரு பருவம் விடுப்புக் கொடுத்துத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. அவள் பயந்ததெல்லாம் வீண் பயம், முதல் வாரமே போயிருக்கலாம். எண்பதுகளில் பண்டார் பாருவில் ஒரு பள்ளியில் நல்ல ஆசிரியை என்று பெயரெடுத்தாள். வலது கையால் கரும்பலகையில் எழுதுவாள். இடது கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள். நோய் போனது, விரல்கள் திரும்பவில்லை. தொடக்கத்திலேயே வந்திருந்தால் நரம்பைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். எப்போது ஆரம்பித்தது என்று அவர் கேட்டதற்கு, "ரெண்டு வாரந்தான் டாக்டர்," என்று அவளே முந்திக்கொண்டு மலாயில் பொய் சொன்னாள். என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். அந்தப் பொய் எனக்காக என்பது எனக்குத் தெரியும்.

தொழுநோய் என்று சொல்வதற்கு முன்பு, அந்தத் திங்கட்கிழமை, சோதனை நடந்தது. டாக்டர் ஒரு மலாய்ப் பெண்மணி. அவள் கையை மேசைமேல் வைக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். ஊசி முனையால் தொடுவேன், தொடும்போதெல்லாம் ஆமாம் என்று சொல் என்றார். அவள் பரீட்சைக்கு உட்கார்ந்தவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். டாக்டர் சுண்டு விரலில் குத்தினார். பக்கத்து விரலில் குத்தினார். உள்ளங்கையின் ஓரத்தில், மணிக்கட்டில், அந்த வெளுத்த திட்டின் நடுவில் குத்தினார். ஓரிடத்தில் பொட்டாக ரத்தம் வந்தது. அவள் பொறுமையாக, வாய் திறக்காமல் காத்திருந்தாள்.

கொஞ்ச நேரம் பொறுத்து, கண்ணைத் திறக்காமலே தலையை என் பக்கம் திருப்பி மெதுவாகத் தமிழில் கேட்டாள்.

"இன்னும் ஆரம்பிக்கலையாடி?"

அவள் என்ன கேட்கிறாள் என்று டாக்டர் என்னிடம் மலாயில் கேட்டார். நான் சொன்னேன். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.