கடைசி சீட்டில் சிந்தாத பால்

கோவில் பயணங்களைப் பற்றி நான் எழுதுவதைப் படிக்கும் இரண்டு பேர் போன வாரம் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். வீட்டில் நடக்க முடியாத பெரியவர் இருக்கிறார், எல்லோருமாகக் குலதெய்வம் கோவிலுக்குப் போகப் பெரிய வண்டியாக ஒன்று வாங்க வேண்டும், எதைப் பார்த்து வாங்குவது என்று. எஞ்சினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் 1999 தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் போய்வந்த கதை தெரியும். அன்றைய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் கோவை சிங்காநல்லூரில் இருந்தோம். நான், என் வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், வீட்டுக்காரரின் அக்கா. அவரை நங்கை என்று கூப்பிடுவேன். எங்கள் பக்கம் அப்படித்தான். நங்கைக்கு இடுப்பெலும்பு உடைந்து, கூடிய பிறகு ஒரு கால் குட்டையாகிவிட்டது. இரண்டு வருடமாக ஆஸ்பத்திரிக்குத் தவிர எங்கும் வரவில்லை. கல்யாணம், காது குத்து எதுவானாலும் "நீங்க போயிட்டு வாங்க கண்ணு, நான் ஊட்டப் பாத்துக்கறேன்" என்பார். அவரையும் ஏற்றிக்கொண்டு போகத்தான் வண்டி வாங்க நினைத்தோம். வேறு காரணம் கிடையாது.

என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், ஒரு வண்டி வைத்திருந்தார். ஜீப் மாதிரி உயரமான டீசல் வண்டி. இரண்டு வருடம் ஓடியது, விலை இரண்டே கால் லட்சம். வெளியில் கேட்டால் இன்னும் இருபதாயிரம் கூட வரும், தங்கச்சிக்கு என்பதால் குறைத்தார். "முதல்ல ஒருக்கா ஏறிப் பாருங்க, பொறவு பேசிக்கலாம்" என்றார். பொள்ளாச்சி தாண்டி ஆனைமலைப் பக்கம் இருக்கும் எங்கள் குலதெய்வம் கோவிலுக்குப் போவதென்று முடிவானது. பிடித்திருந்தால் அம்மன் முன்னாலேயே வெற்றிலையில் வைத்து 5,001 ரூபாய் அட்வான்ஸ் கொடுப்பதாகப் பேச்சு.

காலை ஐந்து மணிக்கே அண்ணன் வந்துவிட்டார். நான் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். தரையிலிருந்து நடுக்கதவின் அடி 27 அங்குலம். பின்கதவில் ஒரு இரும்புப் படி இருந்தது, அது 16 அங்குலம். எங்கள் வீட்டுப் படி ஏழு அங்குலம்தான்.

"ஏனம்மணி, வண்டிக்கு ஜாக்கெட் தைக்கப் போறியா?" என்று அண்ணன் சிரித்தார்.

கதவைச் சாத்திப் பார்த்தேன். பீரோக் கதவு மாதிரி கனமான சத்தம். தகரம் தடிப்பு. மிதியடியைத் தூக்கிப் பார்த்தேன், துரு இல்லை. கட்டுமானத்தில் இன்றைக்கும் நான் குறை சொல்ல மாட்டேன்.

நங்கை பின்கதவு வழியாகத்தான் ஏறினார். வீட்டுக்காரரும் நானும் தூக்கிவிட்டோம். முன்னால் உட்காரச் சொன்னதற்கு, "பொறத்தால தானுங்க எனக்குக் காலு நீட்ட வாகா இருக்குது" என்றுவிட்டார். அபிஷேகத்துக்குப் பால் கொண்டுபோகும் தூக்குப்போசியையும் கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டு லிட்டர், கழுத்து வரைக்கும் பால். போசியின் மூடி கொஞ்சம் லொடலொட என்றிருக்கும்.

5.40க்குக் கிளம்பினோம். கிணத்துக்கடவில் 6.20க்கு நிறுத்திக் காப்பி குடித்தோம், ஆறு பேருக்கு 15 ரூபாய் என்று கடைக்காரர் கணக்குச் சொன்னார். நங்கை வேண்டாம் என்றார், ஐந்து காப்பிக்கு 12.50 கொடுத்தோம். தண்ணீர்கூட வாங்கிக்கொள்ளவில்லை. சாமிக்கு விரதம் இருக்கிறார் என்று நினைத்தேன். நான் குடித்துவிட்டேனே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

பொள்ளாச்சி 6.55. அதற்கப்புறம் ரோடு மோசம். கடைசி மூன்று கிலோமீட்டர் மண் பாதை. அண்ணன் கண்ணாடியில் பின்னால் பார்த்து, "அக்கா, சௌகரியமா இருக்குதுங்களா?" என்று நான்கைந்து முறை கேட்டார். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: "ஒரு கொறையும் இல்லீங்க தம்பி. தொட்டிலாட்டம் இருக்குது."

7.40க்குக் கோவில். மொத்தம் 61 கிலோமீட்டர். பூசாரி போசியை வாங்கி மூடியைத் திறந்தவர், "ஏனுங்க, கோயமுத்தூர்ல இருந்தா வாறீங்க? ஒரு சொட்டுச் சிந்தலீங்களே!" என்றார்.

அண்ணனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பாத்தீங்களா மாப்பிள்ள! கடைசி சீட்டுல, அந்த மண் ரோட்டுல! இதுக்கு மேல என்னுங்க சாட்சி வேணும்?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். எனக்கும் சரியென்றே பட்டது. இடுப்பு நோகிற மனுஷி குறையில்லை என்கிறார், பாலும் தளும்பவில்லை. வெற்றிலையைப் பையிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்தேன். அபிஷேகம் முடிந்து பூசாரி திருநீறு கொடுத்தார். உட்கார்ந்திருந்த நங்கைக்கு நான் கொண்டுபோனேன். அவர் கையை நீட்டினார்.

நாலு விரலையும் சேர்த்துக் குறுக்கே சிவப்பாக ஒரு கோடு. அடுத்த கையிலும் அப்படியே. போசியின் கைப்பிடிக் கம்பி பதிந்த தடம்.

"மடியில வெக்கலீங்களா?"

"மடியில வெச்சா பொள்ளாச்சிக்குள்ளயே பாதி போயிருக்கும் கண்ணு. சாமிக்குக் கொண்டாறதாச்சே. தூக்கிப் புடிச்சுட்டே வந்துபோட்டேன்."

"அப்ப இடுப்பு?"

"அது கெடக்குது."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமுங்கல்ல நங்கை!"

"உன்ற அண்ணன் எத்தன ஆசையா ஓட்டிட்டு வாராரு. உன்ற பொறந்த ஊட்டு வண்டிய நானு எப்படிக் கொற சொல்றது?"

காப்பி குடிக்காததற்கும் காரணம் சொன்னார். குடித்தால் வழியில் இறங்க வேண்டிவரும். இறங்கினால் மறுபடியும் இரண்டு பேர் தூக்கி ஏற்ற வேண்டும், அதை ரோட்டில் போகிறவர்கள் பார்ப்பார்கள். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அவர் தண்ணீர் குடிக்கவில்லை. விரதமாம் விரதம்!

பூ வைத்து அம்மனிடம் உத்தரவு கேட்கலாம் என்றிருந்தேன். கேட்கவில்லை. அவள் சொல்ல வேண்டியதை நங்கையின் கையிலேயே எழுதிக் காட்டிவிட்டாள் என்று தோன்றியது. தட்டை மூடிக்கொண்டு, "அட்வான்ஸ ஊட்டுக்குப் போயிக் குடுத்துக்கலாமுங்க" என்று வீட்டுக்காரர் காதில் சொன்னேன்.

ஆனால் அண்ணனிடம் எப்படிச் சொல்வது? விலையைக் குறைத்து, விடியற்காலையில் எழுந்து வந்த மனுஷன். யோசித்துவிட்டு, காலிப் போசியைக் கழுவி அதில் கோவில் கிணற்றுத் தீர்த்தத்தைக் கழுத்து வரைக்கும் நிரப்பினேன்.

"ஏனுங்ணா, போறப்ப இவங்க ஓட்டிப் பாக்கட்டுமுங்க. நங்கை முன்னால உக்காரட்டும். நீங்க பொறத்தால உக்காந்து இதப் புடிச்சுக்கறீங்களா? அண்ணிக்குத் தீர்த்தமுங்க."

"குடு, குடு" என்று சந்தோஷமாக வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

மண் பாதை முடிவதற்குள் வேட்டி நனைந்தது. பத்து நிமிஷத்தில் சட்டை. பொள்ளாச்சி வருவதற்குள் இரண்டு முறை தலையை மேலே கூரையில் இடித்துக்கொண்டார். "மாப்பிள்ள, மெதுவா போங்க, மெதுவா!" என்றார். வீட்டுக்காரர் முப்பதுக்கு மேல் போகவே இல்லை. பிள்ளைகள் சிரிப்பை அடக்க முடியாமல் என் சேலையில் முகத்தை மூடிக்கொண்டார்கள். கடைசியில் நங்கைதான் திரும்பாமலே, "சௌகரியமா இருக்குதுங்களா தம்பி?" என்று கேட்டார்.

அண்ணன் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி வந்து, முன்கதவுப் பக்கம் நின்று, "அக்கா, காலைல இதுலயா ரெண்டு மணி நேரம் வந்தீங்க?" என்றார். பிறகு என்னிடம், "இது ஆவாது அம்மணி. தோப்புக்கு ஆள் ஏத்தறதுக்கு நானே வெச்சுக்கறேன். உங்களுக்குத் தாழ்வா ஒண்ணு பாக்கலாம்" என்றார். டீசல் 12 லிட்டர் ஆகியிருந்தது. பணத்தை நீட்டினேன், வாங்கவில்லை.

அவரே கூட வந்து, ஒரு மாதம் கழித்துப் பெட்ரோல் வேன் ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார். 1,62,000 ரூபாய். தகரம் மெலிசு, கதவு சாத்தினால் பிஸ்கட் டின் சத்தம், அதே கோவிலுக்குப் போய்வர டீசலைவிட நூறு ரூபாய் கூடச் செலவு. ஆனால் பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற கதவு, தரையிலிருந்து 14 அங்குலம். ஏழு அங்குல உயரத்தில் ஆசாரியிடம் ஒரு படிப்பலகை செய்து வாங்கிச் சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டோம். அதை எடுத்துக் கதவுக்குக் கீழே வைத்தால், கால் வைத்து நங்கை தானே ஏறுவார்.

நீங்கள் வண்டி பார்க்கப் போனால், கதவுச் சத்தத்தையும் துருவையும் பாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு முன் கடைசி சீட்டில் நீங்களே உட்கார்ந்து மோசமான ரோட்டில் பத்துக் கிலோமீட்டராவது போங்கள். டேப் எடுத்துப்போய், வீட்டில் முடியாதவர் எவ்வளவு உயரம் ஏறுவாரோ அதோடு ஒப்பிடுங்கள். விற்கிறவர் காதில் விழும்படி "சௌகரியமா" என்று யாரிடமும் கேட்காதீர்கள். நம் ஊரில் அதற்கு ஒரே பதில்தான் வரும். வீட்டுக்கு வந்த பிறகு பெரியவரின் கையைப் பிடித்துப் பாருங்கள்.

மாசியில் அந்த வேனில் மறுபடியும் கோவிலுக்குப் போனோம். போசியை என் காலடியில் வைத்திருந்தேன். கால் லிட்டர் போலச் சிந்திவிட்டது, வண்டியில் ஒரு வாரம் பால் வாடை. கிணத்துக்கடவை நெருங்கும்போது நங்கை முன்னால் எட்டி வீட்டுக்காரரின் தோளைத் தட்டினார்.

"தம்பி, அந்தக் கடகிட்ட ஓரங்கட்டு. எனக்கொரு காப்பி வேணும்."