ஆறக் கூடாத கை

அப்பாவின் வலது கை நசுங்கியபோது எனக்கு ஏழு வயது. பர்மாவில், அலோன் துறைமுகத்தில் அவருக்கு அரிசி மூட்டை ஏற்றும் வேலை. கிரேன் கயிறு கையைச் சுற்றி இழுத்துவிட்டது என்றார்கள். விரல் ஐந்தும் இருந்தன. மடங்கத்தான் இல்லை.

கட்டுப் பிரித்த அன்று ஆஸ்பத்திரி நர்ஸ் தினமும் ஒரு பந்தை அமுக்கச் சொன்னார். விட்டுவிட்டால் கை விறைத்துப் போகுமாம். வீட்டில் பந்து என்னிடம்தான் இருந்தது. ரப்பர் பந்து. கொடுத்தேன். இரண்டு நாளில் அது விளையாட்டாகிவிட்டது. நான் உருட்டிவிடுவேன், அப்பா அந்தக் கையால் பிடிக்க வேண்டும். நழுவினால் எனக்கு ஜெயம். எப்போதும் எனக்கே ஜெயம்.

ஒருநாள் பிடித்துவிட்டார். நான் வாசலுக்கு ஓடி, "எங்கப்பா கை மடங்குது!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். எதிரே மாமா வந்துகொண்டிருந்தார். அம்மாவின் தம்பி, அவருக்கும் துறைமுகத்தில்தான் வேலை. என் வாயைப் பொத்தி உள்ளே தூக்கி வந்தார்.

"மச்சான், உங்க மக ஊருக்கே தமுக்கு அடிக்கிறா. மேஸ்திரி காதுல விழுந்தா தொலைஞ்சோம்."

"கை நல்லாவுதுன்னுதானேடா சொல்றா?" என்றாள் அம்மா.

"அதாங்க்கா வம்பு. கம்பெனி டாக்டரு பாத்து, கை எவ்வளவு கெட்டுப்போச்சுன்னு எழுதணும். கெட்ட அளவுக்குத்தான் காசு. ஆறிப்போச்சுன்னா ஒண்ணுங் கிடையாது."

"ஆறுனா திரும்ப மூட்டை தூக்க விடுவானா?"

"இந்தக் கைய வச்சு டீ கிளாஸ் தூக்கலாம். மூட்டையா?"

"இது என்னடா நியாயம்?"

"வெள்ளைக்காரன் எழுதி வச்ச சட்டங்க்கா. என்னைக் கேட்டா?"

அப்பா கொஞ்ச நேரம் கையையே பார்த்தார். பிறகு பந்தை அம்மாவிடம் நீட்டினார். "டாக்டர் பாக்கட்டும். அப்புறம் வெளாடலாம்" என்றார் என்னிடம். அம்மா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அமுக்கு என்றவர் நர்ஸ். அமுக்காதே என்றவர் மாமா. இரண்டு பேருமே அப்பாவின் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை கோயிலில் அம்மா, "அப்பாவுக்காக நல்லா வேண்டிக்க" என்றாள். கை ஆற வேண்டும் என்றா, ஆறக் கூடாது என்றா? கேட்கப் பயமாக இருந்தது. இரண்டையும் வேண்டிக்கொண்டேன்.

டாக்டர் இந்த வாரம் பார்ப்பார், அடுத்த வாரம் பார்ப்பார் என்று ஒரு மழைக்காலம் போயிற்று. அம்மாதான் அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள்.

கடைசியில் ஒருநாள் கூப்பிட்டார்கள். என்னையும் அழைத்துப் போனார்கள். டாக்டர் பர்மாக்காரர், இளவயது. அப்பாவை மரியாதையாக 'ஊலே' என்று கூப்பிட்டு, கையை மூடச் சொன்னார். அப்பா முயன்றார். நெற்றியில் வேர்த்தது. விரல்கள் அப்படியே நின்றன. நடிக்கிறார் என்று நினைத்தேன். அப்பாவுக்கு இவ்வளவு நன்றாக நடிக்கத் தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"பந்து அமுக்கச் சொல்லி யாரும் சொல்லலையா, ஊலே?" என்று டாக்டர் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். மாமாவின் கை என் தோளில் விழுந்தது.

"சொல்லலீங்க" என்றார் அப்பா.

காசு வந்தது. வாடகைப் பாக்கிக்கும் அரிசிக் கடைக்கும் சரியாய்ப் போயிற்று. மாமா அன்று எல்லோருக்கும் மீன் குழம்பு ஊற்றிய மொகிங்கா வாங்கி வந்தார். அப்பா ஸ்பூனை இடது கையில் பிடித்துச் சாப்பிட்டார். நான் ஸ்டூல் மேல் ஏறிச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து பந்தை எடுத்து வந்தேன்.

"டாக்டர்தான் பாத்துட்டாரேப்பா. இப்ப வெளாடலாமா?"

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்பா தரையில் உட்கார்ந்தார். நான் உருட்டினேன். வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் பிடித்தார். மறுபடி உருட்டினேன். அப்போதும் இடது கைதான்.

"அந்தக் கையிலப்பா" என்றேன்.

வலது கையை நீட்டினார். பந்து விரல்களில் பட்டு, விலகி, சுவர்ப் பக்கம் ஓடியது.

"நீதான் ஜெயிச்ச" என்றார்.

சின்னப் பிள்ளை என்று எனக்கு விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.