பசி திறக்கும் தட்டு

குற்றாலத்தில் குளித்துவிட்டு வருகிறவனுக்கு ஸ்டார்ட்டர் எதற்கு என்று வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யோசித்திருக்கிறேன். தலையில் ஈரம் சொட்டச் சொட்ட, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்கள் ஹோட்டலுக்குள் வருவார்கள். அருவி அவர்களை அடித்துத் துவைத்து, வயிற்றைக் காலி செய்து அனுப்பியிருக்கும். புரோட்டா வரும்வரை பொறுக்க மாட்டாமல் மேஜையில் இருக்கும் வெங்காயத்தை அள்ளித் தின்பார்கள். அவர்களுக்குப் பசியைத் தூண்ட ஒரு தட்டு வைப்பது, இறக்கத்தில் ஓடுகிற சைக்கிளைப் பின்னால் நின்று தள்ளுகிற மாதிரி. ஆனாலும் எனக்கு அதுதான் வேலை. சூப், கோபி 65, மிளகு போட்டுப் புரட்டிய காளான். சாப்பாட்டுக்கு முன்னால் போகிற எல்லாம் என் அடுப்பிலிருந்துதான் போகும்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதோடு பயந்தவன். ஹோட்டலில் கேஸை மூடிவிட்டுக் கிளம்பினால், மேலகரம் வரும்போது மூடினோமா என்று சந்தேகம் வந்துவிடும். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவேன். எப்போதும் மூடித்தான் இருக்கும். அப்படிப்பட்ட என்னிடம் மேனேஜர் ஒரு சீசனில் ‘உலக ஸ்டார்ட்டர்’ போடுவோம் என்றார். அதற்கு அவர் அடித்துக்கொண்டு வந்த கார்டை நாலு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

மேனேஜர் புனலூர்க்காரர். கப்பலில் சமைத்தவர். நான் காய் நறுக்கும்போது பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கதை சொல்லுவார்.

“அண்ணாச்சி, பண்டு காலத்துல பிரான்ஸ் ராஜா வீட்டுல எல்லாக் கறியையும் ஒண்ணா மேசையில நிரப்பி வெச்சிருவாங்க. கைக்கு எட்டினதைத் தின்னணும். சூடுள்ளது ஆறிப் போகும். பின்னெ ரஷ்யாக்காரன் வழக்கம் வந்துச்சு. ஒண்ணு முடிஞ்சா அடுத்தது. முதல் தட்டு, ரெண்டாம் தட்டுன்னு வரிசை அதுல தான் உறுதியாச்சு.”

“அப்ப அதுக்கு முன்னால முதல்னு ஒண்ணு கிடையாதாக்கும்?”

“இருந்துச்சு. ரோமாபுரியில பெரிய வீட்டு விருந்துன்னா முட்டையில தொடங்குவாங்களாம். தொடங்கறதுன்னு ஒண்ணு எல்லா ஊர்லயும் உண்டு. உங்க இலையில என்னவாம்?”

நம் இலையில் முதலில் விழுவது உப்பு. பிறகு ஊறுகாய், ஓரத்தில் கொஞ்சம் இனிப்பு. அப்புறம்தான் பருப்பும் நெய்யும். சாம்பாருக்கும் பிறகுதான் ரசம். அந்த ரசத்தைத்தான் வெள்ளைக்காரன் சூப்பாக்கி முதலில் குடித்தான் என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சொன்னதில் இன்னொன்று மனதில் தங்கிவிட்டது. முதல் தட்டு வயிற்றை நிரப்ப வந்ததல்ல. பசியைத் திறந்துவிட வந்தது. சாப்பாட்டுக்கு முந்திக் குடிக்கிற பானத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயருக்கே ‘திறப்பது’ என்றுதான் அர்த்தமாம்.

போன வருடம் என் மனைவிக்கு வயிற்றில் கட்டி என்று திருநெல்வேலியில் சொன்னார்கள். ஆபரேஷன் முடிந்து மருந்து ஏற்ற ஆரம்பித்ததும் அவளுக்குச் சாப்பாடு விட்டுப்போனது. வாயில் இரும்பைக் கடித்த ருசி வருகிறது என்றாள். நாக்கில் புண். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “எடை இதுக்கு மேல குறைஞ்சா அடுத்த மருந்து ஏத்த முடியாது. எப்படியாவது சாப்பிட வைங்க” என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு வேறு நினைப்பு இல்லை. எடை பார்க்கிற மெஷின் வீட்டில் கிடையாது. நான் அவள் வளையலைத்தான் பார்ப்பேன். கையைத் தூக்கினால் வளையல் எதுவரை ஏறுகிறது என்று. கல்யாணத்தின்போது சோப்புப் போட்டு மாட்டிய வளையல். அது முன்கை பாதியைத் தாண்டி முழங்கைக்குப் பக்கத்தில் போய் நின்றது.

பசியைத் திறக்க வேண்டும். அது என் தொழில்தானே என்று நினைத்தேன். மேனேஜர் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் வீட்டில் செய்ய ஆரம்பித்தேன். பல்கேரியா என்ற ஊரில் வெள்ளரிக்காயைத் துருவித் தயிரில் போட்டு, பூண்டு தட்டி, குளிரக் குளிர சூப்பாகக் குடிப்பார்களாம். வாய்ப்புண்ணுக்கு நல்லது என்று பூண்டைக் குறைத்து ஒரு கிண்ணத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

“இது என்ன?”

“சூப்பு, ஏட்டி. வெளிநாட்டுது.”

“வெள்ளரிக்கா பச்சடிய தண்ணி விட்டுக் கலக்கிட்டு வெளிநாடுங்கிய. அந்த நாட்டுக்காரன் கேட்டா உங்களச் சும்மா விடுவானா?”

ஒரு ஸ்பூன் வாயில் வைத்தாள். அதோடு சரி.

கொண்டைக்கடலையை வேகவைத்து, எள்ளோடு மைய அரைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து அரபு நாட்டில் செய்கிற மாதிரி செய்தேன். “சுண்டல்னா சுண்டலாத் தாங்க. இத ஏன் பிள்ளைக்கு ஊட்டுத மாதிரி மசிச்சு வச்சிருக்கிய” என்றாள். ரொட்டியைச் சுட்டு, தக்காளியை நறுக்கி மேலே வைத்து இத்தாலிக்காரன் மாதிரி கொடுத்தேன். ரொட்டி புண்ணில் குத்துகிறது என்று தக்காளியை மட்டும் நக்கினாள். அதுவும் எரிந்தது. ஸ்பெயினில் குடிக்கிற ஆறிய தக்காளிச் சூப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. எரியும் என்று தெரிந்துவிட்டதே.

நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். அவள் விழுங்கும்போது என் தொண்டையும் அசையும். “இன்னும் ஒரு வாயி, ஏட்டி. ஒரே ஒரு வாயி.” எனக்கும் மகளுக்கும் சோறு அடுப்பில் மூடியே கிடக்கும். முதலில் அவள் சாப்பிடட்டும், அவளுக்குத்தான் வேண்டும் என்று நாங்கள் தொடவே மாட்டோம். மகள் தென்காசியில் துணிக்கடைக்குப் போகிறாள், பசியோடு வருவாள். அவளும் அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பாள். இரண்டு பேர் வாயைப் பார்க்க, என் மனைவி கிண்ணத்தைத் தள்ளிவிடுவாள்.

“நீங்க தின்னுங்க. எனக்கு வேண்டாம்.”

“ஒனக்குத்தானே செஞ்சேன்.”

“அதான் வேண்டாங்கேன்.”

அந்த வருடம் சாரலும் சரியாக இல்லை. பேரருவி நூல் மாதிரி விழுந்தது. ஹோட்டலில் பாதி மேஜை காலி. உலக ஸ்டார்ட்டர் கார்டை மேனேஜரே எடுத்து உள்ளே வைத்துவிட்டார். நான் சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடுவேன். அடுத்த மருந்துக்குப் போகிற நாள் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் மஞ்சள் பூசணியை வேகவைத்து, தேங்காய்ப்பால் விட்டு, மிளகு போடாமல் சூப் செய்தேன். இதையாவது குடிப்பாள் என்று நம்பியிருந்தேன். வாசனை பட்டதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குள் ஏதோ அறுந்துபோனது. கோபம்கூட இல்லை, ஒரு வெறுப்பு. “ஏட்டி, தட்ட எடு” என்று மகளிடம் சொன்னேன். இரண்டு பேரும் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அந்தச் சூப்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து தின்றோம். பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு நான் மாடிக்குப் போனேன். டேங்கு நிரம்பி வழிகிறதா என்று பார்க்க. வழியவில்லை.

இறங்கி வரும்போது அடுக்களையில் சத்தம் கேட்டது. கரண்டியால் சட்டியைச் சுரண்டுகிற சத்தம். மகள் குளித்துக்கொண்டிருந்தாள்.

கதவு ஓரத்தில் நின்று பார்த்தேன். என் மனைவி தொட்டிப் பக்கம் நின்றுகொண்டு, சட்டியைச் சாய்த்துப் பிடித்து, ஓரத்தில் ஒட்டியிருந்ததைக் கரண்டியால் வழித்து வாயில் போட்டாள். மகள் தட்டில் மிச்சம் வைத்த சோற்றையும் அதில் தள்ளித் தின்றாள். அவசரமில்லாமல், வேறு எதையோ யோசித்துக்கொண்டு தின்றாள். தின்றதே அவளுக்குத் தெரியாது போல இருந்தது. பிறகு சட்டியில் தண்ணீர் பிடித்து ஊறப்போட்டாள்.

நான் மெதுவாகத் திரும்பி மறுபடி மாடிக்குப் போய்விட்டேன்.

அங்கே நின்று யோசித்துப் பார்த்தேன். இவள் உட்கார்ந்து முதலில் சாப்பிட்டு நான் எப்போது பார்த்தேன்? நினைவில் இல்லை. கல்யாண வீடுகளில்கூடக் கடைசிப் பந்தி. வீட்டில் எல்லாரும் தின்று முடித்து, பாத்திரத்தில் என்ன கிடக்கிறது என்று பார்த்து, அதற்குத் தகுந்தாற்போல் வயிற்றை வைத்துக்கொள்கிறவள். நாங்கள் பட்டினியாக உட்கார்ந்து வாயைப் பார்க்கும்போது அவள் தொண்டை எப்படித் திறக்கும்? உலகத்து முதல் தட்டையெல்லாம் அவள் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அவளுக்குச் சாப்பாடு கடைசியில் இருக்கிறது.

மறுநாள் மகளிடம் சொன்னேன். “எனக்குத் தெரியும்பா. தோசை சுடும்போதும் கடைசி மாவுலதான் அம்மாவுக்கு. நாம தின்னாத்தான் அவளுக்கு அடுப்பு அணையும்” என்றாள்.

அதிலிருந்து நாங்கள் முதலில் தின்கிறோம். அவளை வா என்று கூப்பிடுவதில்லை. சட்டியில் மிச்சம் வைப்பதில்தான் கஷ்டம். அதிகமாக இருந்தால், “மூடி பிரிட்ஜ்ல வச்சிருதேன், நாளைக்கு ஆகும்” என்று வைத்துவிடுவாள். வீணாய்ப் போகிற அளவு, எடுத்து வைக்க முடியாத அளவு இருக்க வேண்டும். அடிப்பிடிக்காமல் கிளறியே வாழ்ந்தவன் நான். இப்போது அகலமான சட்டியாகப் பார்த்து எடுத்து, கெட்டியாகக் காய்ச்சி, நாலு பக்கமும் ஒட்ட விடுகிறேன். பூசணி, பருப்பு, உருளைக்கிழங்கு, பால் விட்ட சேமியா. வழித்தால் ஒரு கிண்ணம் வரும். தட்டிலும் ஆளுக்கு ஒரு கை விட்டுவிட்டு எழுந்திருக்கிறோம். “சோத்த இப்படி எறியுதிய, அரிசி மரத்துலயா காய்க்கி” என்று திட்டுவாள். திட்டிக்கொண்டே எடுத்துப் போவாள்.

மருந்துக்குப் போகிற அன்று கடையம் வழியாகப் போகிற ரயிலில் போனோம். ஆஸ்பத்திரியில் மெஷினில் ஏறும்போது செருப்பைக் கழற்றட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். நர்ஸ் என்னைப் பார்த்துவிட்டு, கழற்றச் சொன்னார். எண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“கூடலை. ஆனா குறையவும் இல்லை. ஏத்திரலாம்” என்றார் நர்ஸ்.

டாக்டரம்மா இன்னும் சில தடவை ஏற்ற வேண்டியிருக்கும் என்றார். எத்தனை என்று நான் கேட்கவில்லை.

போன வாரத்திலிருந்து அவளுக்குப் பூசணி வாசனையும் பிடிக்கவில்லை. வேறு எதையோ தேடிக்கொண்டிருக்கிறேன். எனக்கும் இப்போது பசி இல்லை. ஆனாலும் நான் தின்று முடித்தால்தான் அவளுக்கு முறை வரும் என்பதால் தின்கிறேன். இன்று சேமியா. மகளும் நானும் சாப்பிட்டுவிட்டு, தட்டில் கொஞ்சம் விட்டு, அடுக்களையை விட்டு வெளியே வந்தோம். வாசலில் தூறல். அவள் உள்ளே போனதைப் பார்த்தேன். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது, நின்றது. கரண்டிச் சத்தம் இன்னும் வரவில்லை.