நெல் மூட்டை அறையில் ஒரு குலவை

“அதே மாதிரி வேணும் மேடம். ரெண்டு நோட்டை மட்டும் மாத்திப் போடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?”

சென்னையிலிருந்து இயக்குநர் கோபிநாத் போனில் சொன்னபோது, குளத்தூரில் இசையமைப்பாளர் தேவிப்ரியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தன் படத்தின் கடைசிக் காட்சியில் வேறொரு படத்தின் இசையைத் தற்காலிகமாக ஒட்டி வைத்திருந்தார் அவர். கேட்டுக் கேட்டு அந்த வயலின் அழுகை அவர் காதில் ஊறிவிட்டது.

“எனக்குத் தெரியுமே சார், அது என் டியூன் இல்லைன்னு.”

“அப்ப காலையில உங்க டியூனை அனுப்புங்க. பிடிக்கலைன்னா வேற ஆளைப் பாத்துக்கிறேன்.”

ஆவுடையார்கோவிலில் தையல்காரர் மகளாகப் பிறந்தவள் தேவிப்ரியா. பள்ளி ஆண்டுவிழாவில் கீபோர்டைத் தொட்ட அன்றே, தன் வாழ்க்கை எதுவென்று முடிவு செய்துவிட்டாள். குளத்தூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு காதுகுத்து அழைப்பு வீடியோக்களுக்கும் நகைக்கடை விளம்பரங்களுக்கும் இசையமைத்தாள். எதிலும் அவள் பெயர் வந்ததில்லை. இந்தப் படத்தில்தான் முதன்முதலாக ‘இசை’ என்று அவள் பெயர் வர இருந்தது. வந்தால் அது அவளுடைய இசையாகத்தான் இருக்க வேண்டும்!

பின்கட்டு அறைதான் ஸ்டுடியோ. எதிரொலி கேட்காமலிருக்கச் சுவரோரம் நெல் மூட்டைகளை அடுக்கியிருந்தாள். விற்கவும் விடவில்லை. மாமியார் காத்தாயிக்கு அதில் ஓயாத கோபம்.

“வெலை ஏறட்டும்னு நெல்ல வச்சிருப்பாக. டொய்ங் டொய்ங்குன்னு தட்டுறதுக்கு வச்சிருக்கிறவ இவ ஒருத்திதான்!”

தேவிப்ரியா அந்தக் காட்சியை மறுபடியும் ஓடவிட்டாள். தன்னை அடித்து நொறுக்கிய புருஷனின் வீட்டை விட்டு, விடியலில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி பஸ் ஏறப் போகிறாள். வயலின் கதறியது. அதை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தாள். ஐயோ, இவள் அழவேயில்லையே! தலை நிமிர்ந்தல்லவா நடக்கிறாள்!

“அத்தை, இங்கிட்டு வாங்க. இவளுக்கு ஒரு குலவை போடணும்.”

காத்தாயி திரையைப் பார்த்துத் திடுக்கிட்டாள். “குலவை சாமிக்குப் போடுறது, கல்யாணத்துக்குப் போடுறது. புருஷன விட்டுட்டுப் போறவளுக்கா? ஊரு சிரிக்காதா?”

“சிரிக்கட்டும் அத்தை. நீங்க போடலைன்னா நானே போடுவேன்.”

“ஒனக்கு நாக்கு பொரளாதுடி.” காத்தாயி மீண்டும் திரையைப் பார்த்தாள். அவள் குரல் திடீரென இறங்கியது. “இவ திரும்பிப் பாக்குறாளா?”

“இல்லை அத்தை.”

“எங்கக்கா திரும்பிப் பாத்துட்டா. அந்த வீட்டுக்கே போனா. அப்புறம் பொணமாத்தான் வெளிய வந்தா.”

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு மைக் முன்னால் வந்து நின்றாள். குலவை எழுந்தது. அறை அதிர்ந்தது. அதைச் சுற்றித் தேவிப்ரியாவின் விரல்கள் புதிய மெட்டு ஒன்றைக் கட்டின.

காலையில் கோபிநாத் கத்தினார். “இது சோக சீன் மேடம்!”

“பாக்குற நமக்குத்தான் சார் சோகம். அவளுக்கு அது விடுதலை. நான் மாத்த மாட்டேன். வேற ஆளைப் பாக்குறதுன்னா பாத்துக்கங்க.”

போன் துண்டிக்கப்பட்டது. உச்சிவேளையில் மீண்டும் மணி அடித்தது.

“நாலு தடவை ஓட்டிப் பாத்தேன். இப்ப வயலினைப் போட்டா எனக்கே கூசுது.” கோபிநாத்தேதான் பேசினார். “டைட்டில்ல உங்க பேரு வருது. குலவை போட்டவங்க பேரு என்ன?”

வாசலில் நெல் வியாபாரி ராக்கன் சாக்கோடு நின்றிருந்தான். காத்தாயி அவனை விரட்டிக்கொண்டிருந்தாள்.

“நெல்லு விக்கிறதுக்கில்ல, போப்பா. எங்களுக்குப் பாட்டு வேலை கெடக்கு.”