லண்டன் அரசாங்கத்துக்கு நாரந்தனையில் ஒரு தீர்ப்பு

நான் வாய்க்காரி. இதை நானே முதலில சொல்லிவிட்டால் மற்றவைக்கு வேலை மிச்சம். லண்டனில ஒரு ஆஸ்பத்திரியில நேர்ஸாய் சில வருசம் வேலை செய்துபோட்டு, கலியாணம் செய்யவெண்டு லீவு எடுத்து நாரந்தனைக்கு வந்து நிண்ட நேரம், எங்கட வாசிகசாலை ஆண்டுவிழாப் பட்டிமன்றத்துக்கு என்னை நடுவராய் இருக்கச் சொல்லிக் கேட்டவை. கேட்ட வாய் மூட முதல் ஓம் எண்டன். அந்த மேடையில அதுக்கு முன்னம் ஒரு பொம்பிளையும் நடுவராய் இருந்ததில்லை. எனக்கென்ன பயம்? கத்தியோட நிக்கிற பெரிய டொக்குத்தர்மாரையே “கொஞ்சம் பொறுங்கோ” எண்டு மறிக்கிறவளுக்கு, ஊர் ஆம்பிளையள் நாலு பேர் கத்துறதைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல ஏலாதே?

தலைப்பைக் கேட்டால் சிரிப்பியள். “பிரித்தானியாவின் புதிய அரசாங்கத்தின் தொடக்க ஆட்சி நன்றா, தீதா?” லண்டனில ஒரு பொம்பிளை பிரதமராய் வந்து ஒரு வருசமும் முடியேல்லை. அங்க இருக்கிற சனமே இன்னும் பொறுத்துப் பாப்பம் எண்டு கொண்டு இருக்குது. நாரந்தனைக்குப் பொறுமையில்லை. பனைக்கும் பூவரச வேலிக்கும் நடுவில ஒரு ஓட்டுக் கொட்டில், அதுக்குள்ள இருந்து வாசிக்க நாலு வாங்கு, விடியப்புற பஸ்ஸில வாற பேப்பர். அதை வைச்சுக்கொண்டு லண்டனை விசாரிக்க வெளிக்கிட்டிட்டினம்.

ஆனால் அதை வெறும் பகிடி எண்டு நினைக்கப்படாது. எங்கட சொந்த அரசாங்கம் நன்றா தீதா எண்டு மைக்கைப் பிடிச்சுக் கேக்கிற காலமில்லை அது. சனத்துக்குள்ள கதை கிடந்து கொதிக்குது, வாய் திறக்கவும் பயம். அப்ப தூரத்தில இருக்கிற ஒரு அரசாங்கத்தைப் பிடிச்சு மேடையில ஏத்தி நல்லாய்க் குடுப்பம் எண்டு ஒரு ஆசை. லண்டன்காரர் வந்து ஏன் எண்டு கேக்கப் போகினமே?

எனக்கு அது தூரத்து அரசாங்கமில்லை. என்ர சம்பளத்தில வரி பிடிக்கிற அரசாங்கம். அதைவிடப் பெரிய விசயம், என்ர கலியாணம் அந்த அரசாங்கத்தின்ர கையில கிடந்தது.

மாப்பிள்ளை உள்ளூர்தான். பள்ளிக்கூடத்தில தமிழ் படிப்பிக்கிற மாஸ்ரர். பேச்சுக்கால் எல்லாம் முடிஞ்சு மாசி மாசத்தில நாளும் வைச்சாச்சு. கலியாணம் முடிய நான் திரும்பிப் போறது, அவர் விசா எடுத்துப் பின்னால வாறது. அதுதான் ஏற்பாடு. இந்த நேரம் பாத்து அந்தப் புது அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவரப் போகுதாம். வெளியில பிறந்து அங்க போய் வேலை செய்யிற பொம்பிளையள் தங்கட புருசன்மாரைக் கூப்பிட ஏலாது. ஆம்பிளையள் பெண்சாதியைக் கூப்பிடலாம், அதுக்குத் தடையில்லை. பெண்சாதி எண்டவள் புருசன் இருக்கிற இடத்தில இருக்க வேண்டியவள் எண்டு அவையின்ர எண்ணம். சட்டம் பாராளுமன்றத்தில கதைபட்டுக்கொண்டிருந்தது. வருமோ, வராமல் நிண்டுபோகுமோ, ஒருத்தருக்கும் தெரியாது. நான் மட்டும் வராது, வந்தாலும் ஒரு வழி பிடிப்பன் எண்டு நம்பிக்கொண்டு திரிஞ்சன்.

அவரைப் பற்றி ஒண்டு சொல்ல வேணும். அவருக்குக் காணியும் பெரிசாய் இல்லை, வடிவும் ஒரு மட்டுத்தான். குரல் இருந்தது. அவர் மேடையில கதைச்சால் சைக்கிளில போறவனும் காலை ஊண்டிக்கொண்டு நிப்பான். நான் அந்தக் குரலுக்குத்தான் ஓம் எண்டனான். லண்டனில நாலு சுவருக்குள்ள குளிருக்க இருக்கேக்க, அந்தக் குரல் பக்கத்தில இருந்தால் காணும் எண்டு நினைச்சிருக்கிறன்.

எங்கட வாசிகசாலையில அணி பிரிக்கிறது சீட்டுக் குலுக்கித்தான். தலைவர், அதாவது என்ர தகப்பன், ஐயா, ஒரு தகரப் பேணிக்குள்ள சீட்டைப் போட்டுக் குலுக்குவார். எடுத்த பக்கம் பேச வேணும், உன்ர சொந்த எண்ணம் ஆருக்கும் தேவையில்லை. மாஸ்ரருக்கு வந்தது ‘நன்று’. கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சருக்கு ‘தீது’. மாஸ்ரர் என்னைப் பாத்துச் சிரிச்சார். நானும் சிரிச்சன். தன்ர வழியை மறிக்கப் போற அரசாங்கத்துக்காக மாப்பிள்ளை வக்காலத்து வாங்கப் போறார் எண்டு ஊர் முழுக்க அண்டைக்கு ஒரே புழுகமும் சிரிப்பும்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சனம் நிறைஞ்சு போச்சுது. பக்கத்து ஊர் சுருவிலில இருந்தும் சைக்கிளில வந்திருந்தவை. நான் காஞ்சிபுரம் சீலை கட்டி, நடுக் கதிரையில நிமிந்து இருந்தன். “லண்டன் எடுப்பைப் பாரன்” எண்டு பெண்டுகள் பக்கம் ஆரோ சொன்னது காதில விழுந்தது. ஓம், எடுப்புத்தான். உழைச்சு வாங்கின எடுப்பு.

மனேச்சர் முதலில எழும்பினார். நல்ல மனுசன், ஆனால் கதைக்கேக்க சங்கக்கடையில நிண்டு சண்டை பிடிக்கிற மாதிரித்தான் இருக்கும். வருமான வரியைக் குறைச்சுப் பணக்காரனைக் குளிர்விச்சுப்போட்டு, சாமான் வரியைக் கூட்டி ஏழையின்ர வயித்தில அடிச்சவை எண்டார். எங்கட பிள்ளையள் அங்க படிக்கப் போற வழியை அடைக்கினம் எண்டார். எல்லாம் சரியாய்த்தான் சொன்னார். கடைசியாய் என்ர பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

“நடுவர் அவர்களே! இந்தப் பிள்ளை அங்க ராப்பகலாய் வெள்ளைக்காரற்ற நோயைப் பாக்குது. இந்தப் பிள்ளையின்ர புருசனை வாசலில மறிக்கப் போகினமாம். என்ன கண்டறியாத சட்டம் இது! மறிக்கிறவவும் ஒரு பொம்பிளை எல்லே! இதைவிடத் தீதுக்கு வேற சாட்சி வேணுமே? சாட்சி நடுக் கதிரையிலயே இருக்குது!”

கைதட்டு அடங்க நேரமெடுத்தது. எனக்கு உள்ளுக்க நல்ல சந்தோசம். இதுக்கு மாஸ்ரர் என்ன மறுமொழி சொல்லப் போறார், ஆபிரிக்காப் பிரச்சினையைப் பேசித் தீர்த்தவை, ஊழல் இல்லை எண்டு ஏதும் சுத்தி வளைச்சுத் தப்புவார் எண்டுதான் நினைச்சன்.

அவர் சுத்தி வளைக்கேல்லை.

“அந்தச் சட்டம் சரி” எண்டு தொடங்கினார். சனம் ஓவெண்டு கத்திச்சுது. அவை கத்தி முடியட்டும் எண்டு அவர் நிண்டார். “எங்கட முறை என்ன? கலியாணம் முடிய மாப்பிள்ளை பொம்பிளை வீட்டுக்குப் போறான். தகப்பன் மகளுக்கெண்டு கட்டிக் குடுத்த சீதன வீட்டிலதான் அவன்ர சீவியம். இது என்ர தகப்பனும் செய்தது, இஞ்ச இருக்கிற ஒவ்வொரு ஆம்பிளையும் செய்தது. தலைவர் தன்ர மகளுக்கு வீடு கட்டியிருக்கிறார். ஊர் முழுக்கப் பாத்திருக்குது. அந்த வீடு எங்க கிடக்குது? லண்டனிலயே? அல்லது நாரந்தனைக் கோயில் வீதியிலயே? மாப்பிள்ளை போக வேண்டிய வாசல் இஞ்ச இருக்குது. வேற வாசலுக்கு நீ வராதை எண்டு ஒரு அரசாங்கம் சொன்னால், எங்கட முறையைத்தான் அந்த அரசாங்கம் எங்களுக்கு ஞாபகப்படுத்துது. இதில என்ன தீது?”

ஐயோ, அந்தக் கைதட்டு! ஓடு பறக்கும் எண்டு நினைச்சன். ஐயாவின்ர முகத்தைப் பாக்க வேணும். தான் கட்டின வீட்டை மேடையில வைச்சுக் கும்பிட்ட மாதிரி அவருக்குப் பூரிப்பு. மனேச்சரே எழும்பி நிண்டு கைதட்டினார்.

எனக்குக் கொதி வந்திட்டுது. சீட்டு எடுத்த பக்கத்தைப் பேசிறார் எண்டு முதலில மனசைத் தேத்தினன். ஆனால் மற்ற இடமெல்லாம் அவர் சோடிச்சுக் கதைச்சதும், இந்த இடத்தில குரல் தணிஞ்சு வயித்துக்குள்ளயிருந்து வந்ததும் எனக்கு விளங்காமல் இல்லை. நோயாளி நோகேல்லை எண்டு சொல்லேக்க எது உண்மை எது பொய் எண்டு கண்டுபிடிக்கிற வேலைதான் என்ர வேலை.

நான் எழும்பினன். நடுவர் எழும்பினால் அதுக்குப் பிறகு அணிக்காரர் வாய் திறக்கப்படாது. அதுதான் எங்கட மேடை முறை. நான் அந்த முறையை உடைச்சன்.

“தீர்ப்புக்கு முதல் மாஸ்ரரிட்ட ஒரு கேள்வி” எண்டன். “மாப்பிள்ளை பொம்பிளை வீட்டுக்குப் போறது முறை. சரி. என்ர ஐயா கட்டின வீடு இஞ்ச இருக்குது. நான் உழைச்சு வாடகை குடுத்து, அடுப்பு மூட்டி, விளக்கேத்தி இருக்கிற வீடு லண்டனில இருக்குது. நான் எங்க இருக்கிறனோ அதுதான் என்ர வீடு. நீங்கள் வரவெண்டு வெளிக்கிட்டு அந்த அரசாங்கம் மறிச்சால் அது அரசாங்கத்தின்ர பிழை. ஆனால் உங்களுக்கு வர விருப்பமில்லையெண்டால், நாங்கள் இவ்வளவு நேரமும் சும்மா அந்த அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறம். எது சரி? சொல்லுங்கோ.”

“பிள்ளை, தீர்ப்பைச் சொல்லிப்போட்டு இறங்கு” எண்டார் ஐயா, பல்லைக் கடிச்சுக்கொண்டு. நான் திரும்பியும் பாக்கேல்லை.

மாஸ்ரர் மெதுவாய் எழும்பினார். மைக்குக்குக் கிட்ட வரேல்லை. நிண்ட இடத்தில நிண்டு சொன்னார்.

“விருப்பமில்லை.”

பிறகு என்னை மட்டும் பாத்துச் சொன்னார். “இஞ்ச நான் வாய் திறந்தால் ஊர் கேக்கும். அங்க நான் ஆர்? கடைக்குப் போய் ஒரு றாத்தல் பாண் கேக்கவும் உம்மைத்தான் முன்னுக்கு விடுவன். உம்மிட்டச் சொல்லப் பயமாய் இருந்தது. சட்டம் வருதெண்டு பேப்பரில பாத்த அண்டைக்கு, உண்மையைச் சொன்னால், எனக்கு நிம்மதியாய் இருந்தது.”

எனக்குக் கோவம் வந்திருக்க வேணும். வரேல்லை. அந்தக் குரலைக் கொண்டுபோய் ஒரு ஊமையாய் இருத்தப் பாத்தனான் எண்டு அந்த நிமிசம்தான் உறைச்சுது. அதேநேரம், ஒரு வார்த்தை முன்னம் சொல்லியிருக்கலாமே கோதாரி விழுந்த மனுசன், ஒரு அரசாங்கத்துக்குப் பின்னால போய் ஒளிச்சிருக்கிறாரே எண்டு நெஞ்சு எரிஞ்சுது. ரெண்டும் சேர்ந்து வந்தது. நான் மேசையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டன்.

“தீர்ப்பு” எண்டன். குரல் நடுங்கேல்லை, அதில எனக்கு இண்டைக்கும் பெருமை. “தீது அணியின்ர பெரிய சாட்சி நான். வாற மனுசனை அந்த அரசாங்கம் மறிக்குது எண்டதுதான் என்ர சாட்சி. இந்த மனுசன் வாறதாய் இல்லை. அதால சாட்சி விழுந்திட்டுது. நன்று அணிக்கு வெற்றி.”

ஒருத்தரும் கைதட்டேல்லை. நான் சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு படியால இறங்கி, சனத்துக்கு நடுவால வீட்டுக்கு நடந்தன்.

பிறகு நடந்தது நீங்கள் நினைக்கிறதுதான். கலியாண நாள் முறிஞ்சுது. ஐயா கன நாள் என்னோட கதைக்கேல்லை. “அவன் உன்னை விட்டதோ, நீ அவனை விட்டதோ?” எண்டு மாமிமார் விண்ணாணம் கேட்டுக்கொண்டு வந்தினம். “பட்டிமன்றத்தில தோத்திட்டன்” எண்டு சொல்லி அனுப்பினன். இஞ்சயே நிண்டு அந்த வீட்டில குடியிருக்கலாம் எண்டும் ஒரு யோசனை வந்தது, இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் எனக்கு என்ர வேலை பிடிக்கும். என்ர காலில நிக்கிறது அதைவிடப் பிடிக்கும். கலியாணத்துக்கு வைச்ச நாளுக்கு முதலே பிளேன் ஏறிட்டன்.

நான் போய்ச் சேர்ந்து கொஞ்ச நாளில சட்டமும் வந்திட்டுது. எங்களைப்போல பொம்பிளையள் கன பேர் சேர்ந்து ஒரு மண்டபத்தில எதிர்ப்புக் கூட்டம் வைச்சவை. கலியாணம் நிண்டுபோன நேர்ஸ் எண்டு கேள்விப்பட்டு என்னையும் பேசக் கூப்பிட்டினம். அரசாங்கம் பிரிச்சு வைச்ச இன்னொரு சோடி எண்டு நினைச்சிருப்பினம். நான் எழும்பி, சட்டம் பிழை, உழைச்சு வரி கட்டுற பொம்பிளைக்குத் தன்ர புருசனைக் கூப்பிட உரிமை இருக்க வேணும் எண்டு தெளிவாய்ச் சொன்னன். பிறகு, என்ர ஆளை ஒருத்தரும் மறிக்கேல்லை, அவருக்கு வர விருப்பமில்லை எண்டும் சொன்னன். பொய் சொல்லிக் கைதட்டு வாங்க எனக்கு ஏலாது.

முன்வரிசையில இருந்த ஒரு கிழட்டு வெள்ளைக்காரி, “அப்ப இந்தச் சட்டத்தால உனக்கு ஒரு நட்டமும் இல்லையே, பிள்ளை?” எண்டு கேட்டா. நல்ல மனசோடதான் கேட்டா.

“அதுதான் அம்மா என்ர நட்டம்” எண்டன். “இந்தச் சட்டம் அவரை மறிச்சிருந்தால், நான் எத்தினை வருசமெண்டாலும் காத்திருந்திருப்பன்.”

நாரந்தனையில ஒரு சொட்டும் விடாத நான், பேர் தெரியாத சனத்துக்கு முன்னால நிண்டு விக்கி விக்கி அழுதன்.