டைனமோவில் பதிந்த கசெற்

சுவர்ணா அக்கா சைக்கிளைத் தொடமாட்டார். பஸ் வராவிட்டால், வெயில் மண்டையைப் பிளந்தாலும் வல்வெட்டித்துறையில் இருந்து நெல்லியடிக்கு நடந்தே வருவார். கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசி நிறுக்கிறவர், ஐம்பது தாண்டிய தனிக்கட்டை. "ஒரு சைக்கிளை வாங்கினால் என்ன?" என்று கேட்டவர்களுக்கு முறைப்புத்தான் பதில்.

நெல்லியடியில் இருக்கிற என் கொம்பியூட்டர் திருத்தகத்துக்கு அவர் வந்ததற்குக் காரணம் நான் வாசலில் தொங்கவிட்ட ஒரு அறிவிப்பு மட்டை. லண்டன் மச்சான் பெரிய உபகாரம் செய்கிற நினைப்பில் ஒரு பெட்டி குட்டி லப்டொப் அனுப்பியிருந்தான். வின்டோசை ஏற்றினால் இழுப்பு வந்த மாதிரி இரைக்கும் சாமான்கள். எவன் வாங்குவான்? எரிச்சலில் ஒன்றில், ரிவியில் பூட்டிப் பாவித்த அந்தக் காலத்து வீட்டுக் கொம்பியூட்டரைப் போல நடிக்கிற மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். பறந்தது! 'பழைய கொம்பியூட்டர் கேம்கள் ஓட்டித் தரப்படும்' என்று மட்டையில் எழுதினேன். ஒரு சனமும் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா மட்டும் பார்த்தார்.

கைப்பையில் இருந்து ஒரு கசெற்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"என்ரை தம்பி கோகுலன் எழுதின கேம். அப்பா கப்பலிலை நிக்கேக்கை சிங்கப்பூரிலை வாங்கினது அந்தக் கொம்பியூட்டர். சண்டையாலை கரண்ட் இல்லாத காலம். கார் பற்றரியிலை அதையும் குட்டி ரிவியையும் ஓட்டுவான். பற்றரி இறங்கினால் எழுதினது எல்லாம் போயிடும். அதாலை எழுதினதைக் கொம்பியூட்டர் கீச்சுச் சத்தமா மாத்தித் தர, அந்தச் சத்தத்தைக் கசெற்றிலை பதிஞ்சு வைப்பான்."

"ரேப் றெக்கோடருக்குக் கரண்ட்?"

"சைக்கிளைக் கவிட்டு வைச்சு நான் மிதியைக் கையாலை சுத்துவன். டைனமோவிலை ஓடும்."

பிறகு, கேட்காமலே சொன்னார். "அண்டைக்கும் சுத்திக்கொண்டுதான் இருந்தனான். பொம்பர் வந்தது. விட்டிட்டுப் பங்கருக்கு ஓடினன். அவன் எனக்குப் பின்னாலைதான் ஓடி வந்தவன். வாசலிலை வரேக்கை குண்டுப் பீஸ் பட்டிட்டுது. பின்னாலைதான் வந்தவன்."

அந்த 'பின்னாலைதான்' என்பதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடமும் மனுசி உயிரோடு இருந்திருக்கிறார். இரண்டு பேரும் சேர்ந்துதான் ஓடினார்கள், ஒருவருக்கு விதி முடிந்திருந்தது, அவ்வளவுதான் என்று.

கசெற் லேசில் மசியவில்லை. ஒலியை லப்டொப்பில் ஏற்றினால் ஒரே பிழை. கையால் சுற்றிய மின்சாரத்தில் பதிந்தது அல்லவா, வேகம் ஏறி இறங்கிக் கிடந்தது. சுற்றுகிறவரின் கை தளர்ந்த இடமெல்லாம் இப்போது கீச்சென்று கத்தியது. சனியன் பிடித்த வேலை! துண்டு துண்டாக இழுத்து நேராக்கினேன். அதுவும் பாதியில் ஒரேயடியாகக் கிரீச்சிட்டு அறுந்துபோனது. அக்கா கையை விட்ட இடம்.

வெறுத்துப்போய் ரேப்பை நிறுத்தாமல் ஓடவிட்டேன். கொஞ்சம் மௌனம். பிறகு திரும்பவும் முதலில் இருந்து அதே ஒலி. இந்த முறை கடைசிவரை.

அக்கா திரும்ப வந்த அன்று, வென்றுவிட்ட சந்தோசத்தில், நேராக்கிய அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். திரையில் நீலக் கடல், இரண்டு வள்ளம். ஒன்றை இந்தப் பக்கத்து ஆள் ஓட்ட வேண்டும், மற்றதை அந்தப் பக்கத்து ஆள். அக்கா ஒரு வள்ளத்தை மெல்ல நகர்த்திப் பார்த்துச் சிரித்தார்.

"முழுசாக் கிடக்கு அக்கா! முதல் பதிஞ்சது பாதியிலை அறுந்துபோட்டுது. ஆனால் பிறகு திரும்பவும் முதலிலை இருந்து பதிஞ்சிருக்கு!"

அவருடைய சிரிப்பு நின்றது. "ஆர் பதிஞ்சது?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

"கசெற்றிலை கிடந்த மாதிரிப் போடு," என்றார். போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவருடைய வலது கை மடியில் தானாகச் சுற்றத் தொடங்கிச் சட்டென்று நின்றது.

"உது என்ரை சுத்து இல்லை."

கடைக்குள் வேறு ஆள் நிற்கிறது போல எனக்கு முதுகு கூசியது. மேலே பொம்பர் சுற்ற, அவன் அக்காவுக்குப் பின்னால் ஓடாமல் நின்று மிதியைச் சுற்றிக்கொண்டு இருந்திருக்கிறான். ஒரு கேமுக்காக! மடையன், என்ன மடையன்! எனக்கு அழுகை வந்தது.

"வேணுமெண்டால் இந்தப் பதிவை அழிச்சு விடட்டே, அக்கா?"

"விசரே உனக்கு? எனக்கு விளையாட்டு வேண்டாம். நீ நேராக்கினதும் வேண்டாம். இந்தச் சத்தத்தை மட்டும் உந்த லப்டொப்புக்குள்ளை போட்டுத் தா."

லப்டொப்பைக் கொண்டு போனார். போன கிழமை சார்ஜர் பழுது என்று ஆள் அனுப்பியிருந்தார். மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். ஒழுங்கையிலேயே அந்தக் கீச்சொலி கேட்டது. பக்கத்து வீட்டு றஜனி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "உவ நெடுக உந்தச் சத்தத்தைத்தான் போட்டுக் கேக்கிறா," என்று முணுமுணுத்தாள்.

அக்கா என்னைப் பார்த்து விரலை உயர்த்தினார்.

"பொறு. இந்த இடத்திலை கை மாத்திறான்."

ஒலி ஒரு கணம் ஏறி, இறங்கியது. அக்கா திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

"சுத்தினது காணும் கோகுல்," என்றார். "விட்டிட்டு ஓடி வாடா."